கடற்சட்டமும் கடலறமும்

நிலத்துக்கு வேலி இருப்பதுபோல நாட்டுக்குச் சட்டமும் நெஞ்சுக்கு அறமும் வேலிகளாய் அமைந்துள்ளன. இவ்விரு வேலிகளும் ஒரே எல்லையில் ஓடுமாயின் மாந்தர்க்கு இடர்ப்பாடு யாதுமில்லை. ஆயின், ஒன்று உட்புறம் ஒதுங்கியும் மற்றொன்று வெளிப்புறம் விலகியும் ஓடும் இடங்கள் வாழ்க்கையிற் பல உள. அத்தகைய இடத்திலே நிற்பவன் எவ்வேலியை மதித்தல் வேண்டும்? சட்டத்தின் எழுத்தையா, தன் மனத்தின் தீர்ப்பையா? நீதிமன்றத்திலும் நூலகத்திலும் இவ்வினா பலகால் ஆராயப்பட்டதுண்டு. எனினும், அது மிகக் கூர்மையாக எழும் இடங்கள் காடும் கடலுமேயாம். ஏனெனின் அங்கே சாட்சி இல்லை. நெடுந்தீவுக்கு அப்பால், விடிவெள்ளி தோன்றும் வேளையில், தனியே வலை வாங்கும் ஒருவனைக் காண்பவர் யார்? அவன் மீண்டும் நீரில் விட்டதும் வள்ளத்தில் ஒளித்ததும் அவனுக்கும் கடலுக்கும் மாத்திரமே தெரிந்தவை. ஆகவே, யாழ்ப்பாணத்துத் தீவகக் கடலை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்தாகும்.

முதற்கண் அக்கடலின் இயல்பை நோக்குவாம். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த கடல் ஆழமானதன்று. பாக்குக் குடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்துக்கு உட்பட்டதே. ஞாயிற்றின் ஒளி அடித்தரையைத் தொடுதலால் அங்கே கடற்புல் படர்ந்து வளர்கின்றது. அப்புல்லை மேயும் பேராமையும், கடற்பசு எனப்படும் ஆவுளியாவும், அதனுள் ஒளிந்து வளரும் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் இக்கடலின் செல்வங்களாம். சோழகம், கச்சான், வாடை, கொண்டல் எனக் காற்றின் பெயரை அறிந்து, எக்காற்றில் எம்மீன் எத்திசையிற் போகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள் இத்தீவுகளின் கடற்றொழிலாளர். எனவே அவர்கள் தம் சொந்தத் தீர்ப்பைப் பெரிதாக மதிப்பது வெற்றுச் செருக்கன்று. அதற்குப் பின்னே நெடுங்கால அறிவு நிற்கின்றது.

இனி, சட்டங்களை நோக்குவாம். இலங்கையில் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலே தோன்றியது. பின்வந்த திருத்தங்களினால் 1970இல் ஆவுளியாவும் 1972இல் கடலாமைகளும் முழுப் பாதுகாப்புப் பெற்றன. கடலாமையைக் கொல்லுதல் மாத்திரமன்றி, அதன் இறைச்சியையோ முட்டையையோ வைத்திருத்தலும் விற்றலும் குற்றமாயின. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம், வெடிமருந்தும் நஞ்சும் கொண்டு மீன்பிடித்தலைத் தடுத்தது. தொழிலுக்கு உரிமம் வேண்டுமென விதித்தது. மீன்பிடி காலங்களை வரையறுக்கும் அதிகாரத்தையும் வகுத்தது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், கடலடித்தரையை வாரிச்செல்லும் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. இச்சட்டங்கள் யாவும் நல்நோக்குடையவை என்பதில் ஐயமில்லை. இவற்றின் எழுத்தை மாத்திரம் கைக்கொள்வது போதுமா என்பதும், இவற்றின் எழுத்தைக் கடந்து செல்லும் உரிமை எவர்க்கேனும் உண்டா என்பதுமே ஈண்டு ஆராயத்தக்கன.

சட்டம் தடுக்காதது யாவும் நல்லது என்று கொள்ள இயலுமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேஜர் தோமஸ் றொஜேர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி இலங்கைக் காடுகளில் 1,400 யானைகள் வரை சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளைப் பயிர்க்கேடு செய்யும் பகையாகக் கருதி, அவற்றைக் கொல்பவர்க்கு அரசே வெகுமதி வழங்கிய காலம் அது. அவர் எச்சட்டத்தையும் மீறினாரல்லர். எனினும் அச்செயலை இன்று புகழ்வார் யார்? நம் யாழ்ப்பாணத்துக் கதையும் பெருமைப்படத்தக்கதன்று. எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலில், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்து, வாங்குவோர் வேண்டியபடி துண்டு துண்டாக அரிந்து விற்ற கொடுமையைப் பதிவு செய்துள்ளார். இறுதித் துண்டு விற்கும்வரை அவ்வுயிர் துடித்துக் கிடந்ததாம். அன்று அதனைத் தடுக்கும் சட்டம் இருந்திலது. 1972க்கு முன் ஆமை நோவை அறியாததாயிருந்து, அவ்வாண்டிலே திடீரென நோவை அறியத் தொடங்கிற்றா? சட்டம் பல வேளைகளிற் காலந்தாழ்த்தே வருவது. அது வரும்வரை காத்திராமல் முந்திச் செல்வது மனச்சான்றின் கடமை.

இழுவைமடியின் கதையும் இத்தகையதே. 1952இற் கைச்சாத்திடப்பட்ட இந்திய–நோர்வேத் திட்டம் முதலாக, இயந்திரப் படகும் இழுவைமடியும் இந்தியாவில் முன்னேற்றத்தின் அடையாளங்களாகப் போற்றப்பட்டன. அரசுகளே கடனும் மானியமும் அளித்தன. எம்முடைய கரைகளிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் தோன்றின. 2017இல் சட்டம் தடுக்கும்வரை கடற்புல் பிடுங்கப்படவில்லை என்றோ, மீன்குஞ்சு நசுங்கவில்லை என்றோ எவரும் கூறார். ஆகவே, சட்டத்தின் எழுத்தை மாத்திரம் தன் அறமாகக் கொண்டவன், சட்டம் உறங்கும்போது தானும் உறங்குபவனாவான்.

இதுவரை கூறியவற்றைக் கேட்ட ஒருவர், 'அப்படியாயின் என் மனமே எனக்குச் சட்டம், நான் கடலறிந்தவன், எது தீங்கு, எது தீங்கன்று என்பதை நானே தீர்மானிப்பேன்' என்று கூறக்கூடும். இவ்வாதத்தை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம். ஊர்காவற்றுறைத் தொழிலாளி ஒருவர் மாலையில் வலை விட்டு விடியலில் வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். வலையில் ஒரு பேராமை சிக்கி, மேலெழுந்து மூச்சுவிட இயலாமல் இறந்து கிடக்கின்றது. அவர் அதனைப் பிடிக்க விரும்பினாரல்லர், கொன்றாருமல்லர். அன்றைய மீன்பாடோ மிகக் குறைவு. இறைச்சியைக் கொண்டுசென்றால் வீட்டில் இரண்டு நாள் அடுப்பெரியும். கடலில் எறிந்தால் அது அழுகும். சட்டமோ, அதன் இறைச்சியை வைத்திருத்தலும் குற்றம் என்கின்றது. எறிவதால் எவ்வுயிர்க்கு நன்மை? உண்பதால் எவ்வுயிர்க்குத் தீமை? அவர் மனத்தின் தீர்ப்பு, அவ்வொரு நிகழ்ச்சியை மாத்திரம் நோக்கின், குற்றமற்றதாகவே தோன்றுகின்றது.

ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குக. 'இறந்த ஆமையை உண்ணலாம்' என விதி தளர்த்தப்படுமாயின், கரைக்கு வரும் ஆமைகள் யாவும் இறந்தனவாகவே வரும். சந்தையில் வைத்த இறைச்சியைப் பார்த்து, இது தானே இறந்தது, இது தடியால் அடிபட்டது என்று பிரித்தறிய எந்தப் பரிசோதகராலும் இயலாது. இறைச்சிக்கு விலை உண்டென அறிந்தவன் வலையை நேரத்தோடு வாங்கிச் சிக்கிய ஆமையை விடுவிக்க முனைவானா? தாமதிப்பதே அவனுக்கு ஊதியமாகும். பேராமை முட்டையிடும் பருவத்தை அடைவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டோ அதனினும் மிகுதியாகவோ செல்லும். ஆண்டுக்கு ஆண்டு குஞ்சு பொரித்துப் பெருகும் சூடை மீனைப்போல அதனைக் கருதுதல் தகாது. ஆகவே, கடுமையாகத் தோன்றும் அவ்விதி அந்த ஒரு மனிதரை ஐயுற்று எழுந்ததன்று. சந்தையைக் கருதி எழுந்தது. தனி ஒருவர் கண்ணுக்கு எட்டாத விளைவை நோக்கி வகுக்கப்பட்ட விதியைத் தனி ஒருவர் கண்ணாலேயே அளந்து தள்ளுதல் முறையன்று. அவ்விறைச்சியைக் கைவிடுதல் அவருக்கு உண்மையான இழப்பே. அவ்விழப்பை நாம் எளிதாக எண்ணலாகாது. ஆனால் பொதுவிதி என்பது இத்தகைய சிறு இழப்புகளின்மீது எழுப்பப்பட்ட மதிலேயாம்.

இனி, அதே வலையில் ஆமை உயிரோடு சிக்கியுள்ளது எனக் கொள்வோம். கொல்லாதே என்கின்றது சட்டம். ஆனால், 'கடன்பட்டு வாங்கிய உன் வலையை அறுத்தேனும் அதனை விடுவி' என்று அது கட்டளையிட்டு, அறுந்த வலைக்கு ஈடும் தருகின்றதா? இல்லை. வலையை அறுப்பதா, சிக்கலைப் பிரிக்க நேரமில்லை எனக் கைவிட்டு இருப்பதா என்பது அத்தொழிலாளியின் நெஞ்சத்துக்கு விடப்பட்டது. இங்கே கத்தியை எடுத்துத் தன் வலையை அறுப்பவன் சட்டத்துக்கு அப்பாற் செல்கின்றான். ஆயின், அவன் சென்றது சட்டத்துக்கு மேலே. முன்னைய எடுத்துக்காட்டில் இறைச்சியை ஒளித்துக் கொண்டுசெல்பவனும் சட்டத்துக்கு அப்பாற் செல்கின்றான். அவன் சென்றது சட்டத்துக்குக் கீழே. இரண்டும் சொந்தத் தீர்ப்புகளே. ஒன்று தன் பொருளை இழந்து பிறவுயிரைக் காக்கின்றது. மற்றொன்று பொதுவிதியை இழந்து தன் பயனைக் காக்கின்றது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

பாக்குநீரிணையின் பெரும்பிணக்கும் இவ்வேறுபாட்டை விளக்கும். 1974ஆம் ஆண்டும் 1976ஆம் ஆண்டும் செய்யப்பட்ட உடன்பாடுகளால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கடலெல்லை வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வோராண்டும் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை இழுவைப் படகுகள் தொழில் செய்யாதிருத்தல் விதி. முன்பு 45 நாளாயிருந்த அத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. அந்நாட்களில் விதியின் எழுத்து காக்கப்படுகின்றது. ஆனால், தடை நீங்கிய பின்னர் எல்லை கடந்து வந்து நெடுந்தீவுக் கடலடியை வாரும் படகுகள், ஓய்வுக் காலத்தில் வளர்ந்த குஞ்சுகளையே அள்ளிச் செல்கின்றன. மீனுக்கு எல்லை தெரியாது என்பர், உண்மையே. வள்ளத்தோடும் சிறுவலையோடும் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு இரு கரையாரும் கலந்து தொழில் செய்த கடல் இது என்பதும் உண்மையே. ஆயின் அவ்வுறவு சிறுவலையின் உறவு. இரு கரையினதும் பொதுச் சொத்தாகிய அடித்தரையையே அழிக்கும் மடிக்கு அவ்வுறவைச் சான்றாகக் காட்டல் பொருந்தாது. எல்லை கடந்து வரும் படகிலே கூலிக்குத் தொழில் செய்பவரும் ஏழையே. அறுந்த வலையோடு கரைதிரும்பும் நெடுந்தீவாரும் ஏழையே. இருவரையும் பகைவராக்கியது கடலன்று. 'நான் ஒருவன் விட்டுவிட்டால் வேறொருவன் அள்ளுவான்' என்னும் எண்ணமே அவர்களைப் பகைவராக்கியது. இவ்வெண்ணம் உள்ளூர் இழுவைப் படகினரிடத்தும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாம்.

எழுத்தைக் காத்தும் நோக்கத்தை இழந்த எடுத்துக்காட்டு நம் நாட்டின் தென்கரையிலும் உண்டு. தங்காலைப் புறத்து மாவெல்ல என்னும் ஊரிலே கரைவலைக்காரர் ஒருவர் பின் ஒருவராக முறைவைத்து வலை வளைத்தனர். பால் அலெக்சாந்தர் என்னும் மானிடவியலாளர் ஆராய்ந்த இவ்வூரினை, எலினோர் ஒஸ்ரோம் அம்மையார் 1990இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டினார். பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறைகளை ஆராய்ந்தமைக்காக 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். மாவெல்லவில் முறைவிதி தவறாது காக்கப்பட்டது. எவரும் பிறர் முறையைப் பறிக்கவில்லை. ஆனால் வலைகளின் தொகை மாத்திரம் வளர்ந்துகொண்டே சென்றது. தொகையைக் கட்டுப்படுத்தும் விதி ஏட்டில் இருந்தும் நடைமுறைப்படவில்லை. முடிவில் ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதாயிற்று, பங்கு சுருங்கியது. வரிசை பிழைக்கவில்லை, வாழ்வு பிழைத்துவிட்டது.

நெடுந்தீவுக் குதிரைகளும் ஒரு பாடம் புகட்டுகின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தின் எச்சமாக அங்கே திரியும் அக்குதிரைகளைத் தீவிலிருந்து கொண்டுசெல்லுதல் தடுக்கப்பட்டுள்ளது. 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் வறட்சி மிகுந்த ஆண்டுகளில் நீரின்றி அவை மடிந்ததுண்டு. 'பிடிக்காதே' என்னும் விதியை எல்லாரும் காத்தபோதும் தாகத்தை அவ்விதி தீர்க்கவில்லை. ஒரு தொட்டியில் நீர் நிரப்பி வைத்தவனே அவ்விதியின் உயிரைக் காத்தவன்.

இவ்விடத்திலே, நம் சமயவரலாறு தரும் இரு பெரியோரை நினைவுகூர்தல் பொருத்தமாம். அறுபத்துமூவருள் ஒருவர் வேடர்; மற்றொருவர் பரதவர். வேடராகிய கண்ணப்பர், காளத்தியிலே ஆகமவிதிக்கு முற்றிலும் மாறாக ஊனைப் படைத்தார். வாயில் நீரைக் கொணர்ந்து உமிழ்ந்து திருமஞ்சனமாட்டினார். விதிவழி பூசை செய்த சிவகோசரியார் அதுகண்டு உள்ளம் பதைத்தார். நாகபட்டினத்து நுழைப்பாடியிலே வாழ்ந்த அதிபத்தரோ, வலையில் முதற்படும் மீனை இறைவனுக்கென்று கடலில் விடுதலைத் தம் விதியாகக் கொண்டார். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஒரு மீனே பட்டது. வயிறு வாடியபோதும் அதனை விட்டார். பின்பு பொன்மீன் பட்டபோதும் அதனையே விட்டார். கண்ணப்பர் எழுத்தை மீறியவர். அதிபத்தர் எழுத்தைக் காத்தவர். முரண்பட்ட இருவரையும் சேக்கிழார் பெருமான் ஒரே திருக்கூட்டத்தில் வைத்துப் போற்றியது எங்ஙனம்? விடை எளிது. விதியை மீறியவர் தம் கண்ணைக் கொடுத்தார். விதியைக் காத்தவர் தம் உணவைக் கொடுத்தார். மீறியதனாலோ காத்ததனாலோ இருவரும் தமக்கென ஒன்றும் பெற விரும்பினாரல்லர். கண்ணப்பரைச் சான்றாகக் காட்டி விதியை மீற விழைபவன், முதலிற் கண்ணைக் கொடுக்க ஆயத்தமா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

இவற்றிலிருந்து மூன்று அளவைகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, தன்பயன் இன்மை: விதியைக் கடந்து நான் செய்யும் செயலால் எனக்கு ஊதியம் வருமாயின், என் தீர்ப்பை நானே ஐயுறுதல் வேண்டும். இரண்டாவது, வெளிப்படை: நான் செய்வதைச் சங்கத்தார்க்கும் பரிசோதகர்க்கும் பகலிலே கூறும் துணிவு எனக்கு உண்டா? காயமுற்ற ஆமையைக் காக்கும் பொருட்டு வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்த்து உடனே அதிகாரிகளிடம் ஒப்படைப்பவன் எழுத்தளவில் அதனை வைத்திருந்தவனேயாயினும், ஒளித்தவனல்லன். மூன்றாவது, பொதுமை: எல்லாரும் இவ்வாறே செய்தால் கடல் தாங்குமா? ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1785இல் வெளியிட்ட அறநூலில் ஏறத்தாழ இதனையே ஒழுக்கத்தின் உரைகல்லாக வைத்தார். வாடைக் காலத்துப் புயலில் உயிர்தப்ப எல்லை கடந்த வள்ளத்தை இம்மூன்று அளவைகளும் குற்றஞ் சாட்டா. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும் ஆபத்திலுள்ள கலத்துக்கு இடமளிக்கின்றது. ஆனால் இழுவைமடியையும் வெடியையும் ஒளித்த இறைச்சியையும் இவை மூன்றுமே விலக்கும்.

அங்ஙனமாயின், விதி பிழையானது என்று உண்மையாகவே உணர்ந்த கடலறிஞன் யாது செய்வான்? இரவில் மீறுதல் அவனுக்கு வழியன்று. பகலில் திருத்துதலே வழி. 1996ஆம் ஆண்டுச் சட்டம், கடற்றொழில் முகாமைத்துவப் பகுதிகளை வகுக்கவும் அங்குள்ளோரைக் கொண்டு குழுக்கள் அமைக்கவும் வாயில் திறந்துள்ளது. கூட்டுறவுச் சங்கங்களும் உள. காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தவரின் தீர்ப்பு அங்கே எழுத்தாக மாறுதல் வேண்டும். மறைவில் மீறப்படும் விதி என்றும் திருந்துவதில்லை. வெளிப்படையாக வாதிடப்படும் விதியே திருந்தும். 2017ஆம் ஆண்டு இழுவைமடித் தடையும், பாதிப்புற்ற மக்களின் நெடுநாட் குரல் தனிநபர் சட்டமூலமாகிப் பாராளுமன்றத்தை அடைந்ததன் பயனேயன்றோ?

மாணவச் செல்வர்களே! உங்களுட் சிலர் நாளை சட்டத்தை எழுதுவோராகலாம்; சிலர் அதனை நடத்துவோராகலாம்; சிலர் தந்தையரின் வள்ளத்தில் ஏறலாம். எத்துறையிற் சென்றாலும், சட்டம் நாம் இறங்கத்தகாத அடித்தளம் என்பதையும், அறம் நாம் ஏறவேண்டிய மேற்றளம் என்பதையும் மறவாதிருப்பீர்களாக. அடித்தளத்தில் நின்றுகொண்டே மாளிகையைக் கண்டேன் என்பவனும் பேதை. அடித்தளத்தை இடித்து மேற்றளம் ஏறுவேன் என்பவனும் பேதை. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு அடுத்தமுறை செல்லும்போது, படகின் ஓரத்தில் நின்று அந்நீரைச் சற்று நோக்குங்கள். அதன் அடியிலே புல் அசைகின்றதா, வெறும் மணல் தெரிகின்றதா என்பதை முடிவு செய்பவை ஏட்டிலுள்ள விதிகள் மாத்திரமல்ல. காண்பார் எவருமில்லாத விடியற்பொழுதில் ஒரு மனிதனின் கை எதனைச் செய்கின்றது என்பதும் அதனை முடிவு செய்யும்.